எட்டெழுத்து

கல்லிடைக்குறிச்சி தாண்டி, ஆற்றுப்பாலத்துக்கு முன்னால்
கோமதிநாயகத்தின் நெல் ஆலை.
பேனல் கதவைத் திறந்தால்
அரை அங்குலம் உமித்தூசி,
பல்லி முட்டை ஓடு ஒன்று,
நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு அந்தப் பெட்டி
பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு.
அதற்குப் பூட்டே கிடையாது.
மாட்டிவிட்டுப் போனவன் போட மறந்து
ஒன்பது வருஷம்.

"அரிசி வயிறு வெள்ளையாக் கிடக்கு வே,
தூத்துக்குடி ஏவாரி மூடை மூடையாத் திருப்புதான்.
எவனோ கை வைக்கான்.
எவன்னு மட்டும் சொல்லும்."

கேபிளைச் சொருகினேன்.
ஆவி வால்வு திறந்திருக்க வேண்டியது
இருநூற்று நாற்பது நொடி.
உள்ளே இருந்தது இருநூற்று இருபத்தைந்து.
பெட்டிக்கு எண் தெரியும், விரல் தெரியாது.
அதைத்தான் சொன்னேன்.
அவர் நம்பவில்லை.

"பாஸ்வேர்டுக்கு எட்டெழுத்து வேணும் அண்ணாச்சி."
"எட்டா? நாங்க அஞ்செழுத்து ஆளுகல்லா."
திருநீறு சுருங்கச் சிரித்தார்.
அவர் திருப்திக்கு ஐந்தை அடித்துப் பார்த்தேன்.
ஏற்கவில்லை. பெட்டி என்ன சமயமோ.
பேத்தி பிறந்தநாள் வேண்டாம்,
கார் நம்பர் வேண்டவே வேண்டாம்,
லோடு ஏற்றுகிறவன் வரைக்கும் தெரியும் என்றேன்.
"அப்ப நீரே ஒண்ணு போடும்" என்று
ஏவாரியின் போனை எடுக்கப் போய்விட்டார்.

அந்தப் பதினைந்து என்னை விடவில்லை.
அவசரக்காரன் என்றால் ஐம்பதை வெட்டியிருப்பான்.
பதினைந்தை மட்டும் எடுக்கிறவன்
எதையோ அளந்து எடுத்திருக்கிறான்.

பாய்லர் பக்கத்துச் சுவரில்
கரிக்கட்டியால் ஷிப்டுக் கணக்கு:
இருபத்து நாலு ஈடு.
பெருக்கினேன். ஆறு நிமிடம்.
கணக்குக்குக் கீழே, அதே கரியில்,
பாபநாசம் 9.40.

சொரிமுத்து வால்வு சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தான்.
அவனுக்கு வீடு டாணாவில்.
கடைசி பஸ் போய்விட்டால் நடைதான்.
வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று
நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஏணிப்படியாக வரைந்த நிரலில்
ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்த்தேன்.
பதினேழாம் படியில்,
தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும்
வெறுமனே காத்திருக்கிறது இயந்திரம்.
அறுபது நொடி என்று
எவனோ தன் பயத்துக்குப் போட்டுவைத்தது.
மூன்று ஈடு, போனில் நேரம் பிடித்துக்கொண்டு
வடிகுழாயின் கீழே குந்தியிருந்தேன்.
முப்பத்தெட்டாம் நொடியில்
கடைசிச் சொட்டு.

ஆவிக்கு இருநூற்று நாற்பது திருப்பிக் கொடுத்தேன்.
காத்திருப்புக்கு நாற்பத்தைந்து.
நெல்லுக்கு ஒரு நொடியும் குறையவில்லை.

பிறகு பூட்டினேன்.
திரை இரண்டு தடவை கேட்டது.
அடிக்க அடிக்க ஒவ்வோர் எழுத்தும்
நட்சத்திரமாகி மறைந்தது.
இனிமேல் சொரிமுத்து ஆவியில் கை வைக்க முடியாது.
அந்த ஆறு நிமிடத்திலும்
எவரும் கை வைக்க முடியாது.

எட்டெழுத்தையும் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.
கோமதி அம்மன் படத்துக்குப் பின்னால் செருகினார்.
அம்மனிடம் லேப்டாப் இல்லை,
அவரிடமும் இல்லை.
"ஒரு பூட்டுக்கு இம்புட்டா?" என்று
பில்லில் இருநூறு ரூபாய் குறைத்தார்.
பில்லில் இருந்தது ஒரே வரி:
பாஸ்வேர்டு போட்ட வகையில்.

ராத்திரி ஆலை வாசலில் நின்றோம், இரண்டு பேரும்.
சரியாக ஒன்பது முப்பத்தெட்டு.
அவன் என்னைப் பார்த்தான்,
கைக்கடிகாரத்தைப் பார்த்தான்,
என்னமோ கேட்க வந்து
தலை உமியைத் தட்டிக்கொண்டான்.

பஸ் அன்றைக்கு
ஒன்பது ஐம்பத்திரண்டுக்குத்தான் வந்தது.

நான் அம்பையில் இறங்கும்போது
முன் சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்து
தூங்கிக்கொண்டிருந்தான்.